தென்காசிக்குக் கொண்டுபோன மன்னிப்புக் கடிதம்

தென்காசியில் ரயிலை விட்டு இறங்கியபோது என் கைப்பையில் இரண்டு லுங்கி, ஒரு துண்டு, ஒரு பாவ மன்னிப்புக் கடிதம் இருந்தன. பாவம் என்னுடையதல்ல. என்னுடையதை எழுதிக் கொண்டுவர அந்தக் கைப்பை போதாது. இது என் மனைவி ஷீலாவின் அக்கா ஜெயசீலி மதினியுடையது. முப்பத்தோரு வருஷப் பழசு. எழுதியவன் மட்டும் நான்.

சென்னையில் எங்கள் குடியிருப்பில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, மேல்வீட்டு நாய் குரைக்கிறது என்று எதற்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஒரு அலுவலகத்தில் முப்பது வருஷம் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று நான்கு வரியைப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் கை தானாக ஓடும். கல்யாணத்துக்கு முன் ஷீலாவுக்கு எழுதிய முதல் கடிதத்தையும் இதே அமைப்பில்தான் எழுதினேன். அவள் அதை இன்னும் வைத்திருக்கிறாள். சண்டை வரும்போதெல்லாம் எடுத்து வாசிப்பாள்.

விஷயம் இதுதான். மதினி தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். போலீஸ்காரரான சங்கரபாண்டியை இலஞ்சி கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். அன்றோடு பிறந்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. சபையில் திருவிருந்தும் நின்றது. அதாவது ஞாயிறு ஆராதனைக்கு வரலாம், பாட்டுப் பாடலாம், காணிக்கை போடலாம். அப்பமும் திராட்சைரசமும் வாங்க முன்னால் மட்டும் போகக் கூடாது. இப்போது மதினிக்கு இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும். புதன்கிழமை மதுரையில் ஆபரேஷன். அதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தடவை திருவிருந்து எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சபையில் சொல்லிவிட்டார்கள்.

பிறந்த வீட்டில் மதினியோடு போனிலாவது பேசுகிற ஒரே ஆள் ஷீலாதான். அவளிடம் மதினி இதை வருத்தமாகச் சொன்னார். ஷீலா அதைக் கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லுகிற தொனியில் என்னிடம் சொன்னாள். இருபது நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டேன். தபாலில் போடலாம் என்றதற்கு, "உங்க சகலையை இதுவரைக்கும் நீங்க பார்த்ததே இல்ல. நேர்ல கொண்டுபோய்க் குடுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை தென்காசியில் சாரல். சென்னையில் வானம் ஒன்று பெய்யும், அல்லது சும்மா இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. யாரோ மேலே நின்று துணியை உதறுகிற மாதிரி ஒரு ஈரம். குடையை விரித்தேன். தெருவில் குடை விரித்த ஒரே ஆள் நான்தான் என்று தெரிந்ததும் மடக்கினேன்.

போக வேண்டியது ஊருக்கு ஓரமாக இருக்கும் குத்துக்கல்வலசை. ஜன்னலோர சீட் காலியாக இருந்ததே என்று ஒரு பஸ்ஸில் ஏறினேன். எங்கே போகிற பஸ் என்று கேட்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். கண்டக்டர் தோளைத் தட்டினார்.

"அண்ணாச்சி, செங்கோட்டை வந்துட்டு. இன்னுமா ஒறங்குதிய?"

நேர் எதிர்ப்பக்கம். செங்கோட்டையில் டீ குடிக்கத்தான் வந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு டீயும் இரண்டு பழம்பொரியும் சாப்பிட்டேன். பழம்பொரி என்பது பழுத்த ஏத்தன்பழத்தை, அதாவது நேந்திரம்பழத்தை, மாவில் தோய்த்துப் பொரிப்பது. கேரளாவிலிருந்து எல்லை தாண்டி வந்து இங்கேயே குடியேறிவிட்டது. டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எவிடே போணும்?" என்று மலையாளத்தில் கேட்டார். குத்துக்கல்வலசை என்றேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்.

மதினிக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத்தில் ஒரு பழைய புல்லட் வந்து நின்றது. ஆறடி உயரம், நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை. ஓய்வு பெற்ற ஏட்டு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் வண்டியை நிறுத்திய விதத்தில் எதிரே வந்த ஆட்டோவும் தானாக நின்றுவிட்டது.

"சகல, முப்பத்தோரு வருசம் கழிச்சு வாறிய" என்றார். "அதுவும் எதிர்த்திசையில."

என் சகலையோடு நடந்த முதல் சந்திப்பு இப்படித்தான்.

மத்தியானம் உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், கோழிக்குழம்பு. மூன்றையும் ஒரே இலையில் வைத்துவிட்டு, "சீக்காளி சமைச்சது, உப்பு பாத்துக்கிடுங்க தம்பி" என்றார் மதினி. மூன்றாவது தடவை சோறு வாங்கியபோது நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மதினி மெலிந்திருந்தார். நான்கு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினார். ஆனால் அந்த நான்கு வார்த்தையும் கூர்மையாக இருந்தன.

கை கழுவியதும் கடிதத்தை எடுத்துக் கம்பீரமாக வாசித்தேன்.

"பொருள்: பாவ மன்னிப்பு வழங்கி, மீண்டும் திருவிருந்தில் சேர்த்துக்கொள்ள வேண்டுதல் தொடர்பாக. பார்வை: தங்கள் சேகரக் கமிட்டித் தீர்மானம் எண், நாள்..." சபையின் நிர்வாகக் குழுவைத்தான் இந்தப் பக்கத்தில் சேகரக் கமிட்டி என்கிறார்கள். எண்ணும் நாளும் தெரியாததால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். "மேற்படி நான், அறியாப் பருவத்தில், புறமதத்தவர் ஒருவரின் ஆசை வார்த்தைகளில் மயங்கி..."

"நில்லுங்க" என்றார் சகலை. "ஆசை வார்த்தையா? நானா?"

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்று, பிறகு சொன்னார். "என் சைக்கிள் காணாமப் போச்சுன்னு ஸ்டேஷன்ல புகார் குடுக்கப் போனேன். 'என்ன கலரு?'ன்னு கேட்டாக. அதான் தம்பி இவுக எங்கிட்ட சொன்ன ஆசை வார்த்தை."

"கண்டுபிடிச்சுக் குடுத்தேம்லா?"

"வேற சைக்கிளக் குடுத்தாக."

நான் பேனாவை எடுத்து, 'ஆசை வார்த்தைகளில் மயங்கி' என்பதை அடித்துவிட்டு, 'சூழ்நிலை காரணமாக' என்று திருத்தினேன்.

"என்ன சூழ்நிலை?" என்றார் மதினி. "வெள்ளமா வந்துச்சு?"

அதையும் அடித்துவிட்டு, 'தவறுதலாக' என்று எழுதினேன். மதினியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"தமிழ் நல்லா இருக்கு தம்பி. ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த மனுசன்கூட வாழ்ந்தது தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு, புதன்கெழம ஆபரேஷனுக்கு இவுக கையத்தான புடிச்சுக்கிட்டுப் போவணும்? எந்த மூஞ்சியோட புடிக்க?"

சகலை எழுந்துபோய் வாசலில் நின்ற வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்போ திருவிருந்து?" என்றேன்.

"வேணும்" என்றார் மதினி.

பிறகு அவராகவே சொன்னார். கல்யாணம் முடிந்து வந்த முதல் திருவிருந்து ஞாயிறு. எப்போதும் போல முன்னால் போயிருக்கிறார். பீடத்துக்கு முன்னால் இடுப்பளவுக்கு ஒரு மரக்கிராதி இருக்கும். அதன் முன் எல்லோரும் வரிசையாக முழங்கால் போட்டு இரண்டு கையையும் நீட்டுவார்கள். இந்தப் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்பார்கள். அப்போது இருந்த பழைய ஐயர் தட்டோடு வந்தார். "அங்கி என் கையில ஒரசிட்டுப் போச்சு தம்பி. அப்பம் அடுத்த கைக்குப் போயிட்டு. ஐயர் ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல. எந்திரிச்சு வந்து கடைசி பெஞ்சுல இருந்தேன். இன்னும் அங்கனதான் இருக்கேன்."

"சகலை?"

"அவுக வெளியதான். என்னைக் கொண்டாந்து விட்டுட்டு வண்டிகள வரிசையா நிறுத்திக்கிட்டு நிப்பாக. போலீஸ் புத்தி. அசனம் வந்தா மட்டும் உள்ள கூப்புடுவாக."

அசனம் என்பது சபையின் வருஷாந்திர விருந்து. ஊரே வந்து உட்காரும். யார், என்ன என்று கேட்கமாட்டார்கள். சோறு வடிக்கவும் கூட்டத்தை ஒழுங்கு செய்யவும் ஏட்டையா இல்லாமல் முடியாது என்று கமிட்டியே வீட்டுக்கு வந்து அழைக்குமாம்.

"ஆயிரம் பேருக்கு இவுக வடிச்ச சோத்தத் திங்காக" என்றார் மதினி. "எனக்குக் கட்டவிரல் நகத்தளவு அப்பம். அதுக்கு லெட்டர் கேக்காக."

சாயங்காலம் வடை சுட்டார்கள். என் வரைவுகள் எல்லாம் வடைக்கு அடியில் எண்ணெய் உறிஞ்சிக்கொண்டிருந்தன. நான் எழுதிய தாள் ஒன்று இவ்வளவு விரைவாகப் பயன்பட்டது அதுவே முதல் தடவை.

சனிக்கிழமை காலை சகலை என்னைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். நான் கேட்கவில்லை. மதினியின் கண்ணில் படாமல் இரண்டு ஆண்கள் போய் உட்கார ஒரு இடம் வேண்டியிருந்தது.

மெயின் அருவியில் வெள்ளம். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்ததால் கயிறு கட்டிக் குளிப்பதைத் தடுத்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஒரு பெருங்கூட்டம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றது. நானும் ஒருவரிடம் தேய்த்துக்கொண்டேன். அவர் என் முதுகில் எதையோ தேடுகிற மாதிரி தேய்த்தார். கிடைக்கவில்லை போல, திரும்பத் திரும்பத் தேடினார்.

"பதினாலு சீசன் இங்கன நின்னுருக்கேன்" என்றார் சகலை. "கயிறு கட்டுறது லேசு சகல. எப்ப அவுக்கணும்ங்கிறதுதான் வேல. நாங்க ஆளுகளப் பாக்க மாட்டோம். தண்ணியையே பாத்துக்கிட்டு நிப்போம்."

கயிற்றருகே நின்ற இளம் போலீஸ்காரர் சகலையைப் பார்த்து விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார். கால் மணி நேரத்தில் தண்ணீர் இறங்கியது. அவர் கயிற்றை அவிழ்த்தார். அவ்வளவுதான். பஞ்சகச்சம் கட்டிய ஒருவர், தோளில் பெரிய சிலுவையைப் பச்சை குத்தியிருந்த ஒருவர், தாயத்துக் கட்டிய ஒருவர், எண்ணெய் வழுக்கலில் நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்த ஒருவர் என்று எல்லோரும் சேர்ந்து உள்ளே தள்ளப்பட்டோம். யாரும் யாரையும் எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தச் சத்தத்தில் காது கேட்டிருக்காது.

கண்ணாடியைக் கழற்றாமல் அருவிக்குள் போகிற ஆள் சென்னையிலிருந்துதான் வர முடியும். தலையில் விழுந்த முதல் அடியிலேயே அது போய்விட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தடவினேன். யாருடைய காலோ அகப்பட்டது.

"ஏலே, யாருலே அது, காலப் புடிக்கது?"

"கண்ணாடி" என்றேன்.

"இது காலு."

வெளியே வந்தபோது உலகம் முழுவதும் மங்கலாக இருந்தது. மங்குஸ்தான் விற்கிற ஆச்சியிடம் நான் ரம்புட்டான் கேட்டிருக்கிறேன். ஆச்சி பழத்தைப் பார்க்காமல் என்னையே பரிதாபமாகப் பார்த்தார்.

திரும்பும் வழியில் எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியது மதினிக்காக அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடிதத்தில் 'பார்வை' காலியாக இருக்கிறதே என்று இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. எந்தத் தீர்மானத்தின்படி விலக்கினார்கள் என்று எண்ணும் நாளும் கிடைத்தால், 'அத்தீர்மானத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்' என்று பாவம், தவறு எதுவும் இல்லாமல் இரண்டே வரியில் முடித்துவிடலாம். மதினியும் கையெழுத்துப் போடக்கூடும். சகலையிடம் சொன்னேன். அவர் வண்டியை நேராகக் கோயிலுக்கு விட்டார். இங்கே கிறிஸ்தவர்களும் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்கிறார்கள்.

அலுவலக அறையில் இப்போதைய ஐயரும் கமிட்டிச் செயலாளர் தங்கராஜ் அண்ணாச்சியும் இருந்தார்கள். குரலை வைத்துச் சொன்னால் ஐயருக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். பேச்சு குறைவு. அண்ணாச்சி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். குரலிலேயே பிரம்பு இருந்தது. சகலை செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படியிலேயே நின்றுகொண்டார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"பார்வை கேக்கியளா?" என்றார் அண்ணாச்சி. குரலில் முதன்முறையாக ஒரு பிரியம். "இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு போடுதா? பார்வை இல்லாத லெட்டர நான் பைல்ல சேக்கிறதே இல்ல."

ஒரே மாதிரியான இரண்டு நோயாளிகள் சந்தித்துக்கொண்டது போல இருந்தது. அவர் பீரோவைத் திறந்து பழைய தீர்மானப் புத்தகங்களை இறக்கினார். எனக்குக் கண்ணாடி இல்லாததால் அவரே விரலை ஓட்டி ஓட்டிச் சத்தமாக வாசித்தார்.

"மணிக்கயிறு மாற்றுவது. தீர்மானிக்கப்பட்டது. ஆர்மோனியம் பழுது பார்ப்பது. தீர்மானிக்கப்பட்டது. கோயில் வளவுக்குள் ஆடு மேய்வது குறித்து... கண்டிக்கப்பட்டது."

"ஆட்டையா, ஆட்டுக்காரரையா?" என்றார் ஐயர்.

"அது எழுதல" என்றார் அண்ணாச்சி.

அந்த வருஷம் முடிந்தது. ஜெயசீலி என்ற பெயர் இல்லை. முந்தைய வருஷத்தைப் பார்த்தார். அடுத்த வருஷத்தையும் அதற்கடுத்த வருஷத்தையும் பார்த்தார். மின்விசிறி இருந்தது, சுற்றுச்சுவர் இருந்தது, ஆடு மறுபடியும் இருந்தது. மதினி இல்லை.

அண்ணாச்சி புத்தகத்தை மூடினார். திறந்து மறுபடியும் முதலிலிருந்து விரலை ஓட்டினார். இந்தத் தடவை வாய்விட்டு வாசிக்கவில்லை.

"எழுதவே இல்லையே" என்றார்.

"தனிக் கடிதம் ஏதாவது?" என்றார் ஐயர்.

"இல்ல." புத்தகத்தை மேஜையில் வைத்தார். "நான் பக்கத்துலதான் முழங்கால் போட்டிருந்தேன் ஐயரவாள். பொம்பளையாள் வரிசையில அவ கடைசி, ஆம்பிளையாள் வரிசையில நான் மொதல். அவளுக்குக் குடுக்காம எனக்கு வந்துச்சு."

"வாங்கிக்கிட்டியளா?" வாசலிலிருந்து கேட்டார் சகலை. கோபமாகக் கேட்கவில்லை. ஸ்டேஷனில் 'என்ன கலரு?' என்று கேட்டதும் இதே குரலில்தான் இருந்திருக்கும்.

"வாங்கிக்கிட்டேன்" என்றார் அண்ணாச்சி. "தீர்மானம் போட்டிருப்பாகன்னு நெனச்சேன். அப்புறம் எல்லாரும் அப்படியே நெனச்சிட்டோம்."

வெளியே யாரோ ஆராதனைக்காகத் தரையைப் பெருக்கும் சத்தம் கேட்டது. அண்ணாச்சிக்குப் பழக்கம் விடவில்லை. "எதுக்கும் ஒரு லெட்டர் மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

"பார்வை இல்லாம எப்படி அண்ணாச்சி?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லத் துணிந்திருக்கமாட்டேன்.

ஐயர் புத்தகங்களை எடுத்து பீரோவுக்குள் வைத்தார். "போடாத தீர்மானத்தை ரத்து செய்ய முடியாது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கவும் எனக்குத் தெரியாது. நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

என் வாழ்க்கையில் நான் எழுதிய கடிதங்களால் இவ்வளவு சீக்கிரம் எந்தக் காரியமும் நடந்ததில்லை. இது எழுதாத கடிதம்.

மதினியிடம் சொன்னபோது கட்டிலில் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று இரண்டு பேரும் வாயெல்லாம் பல்லாகப் போய் நின்றோம்.

"எழுதவே இல்லையா?"

"இல்ல மதினி."

"ஆடு மேஞ்சத எழுதியிருக்காக."

"ஆமா. ரெண்டு தடவை."

"முப்பத்தோரு வருசம் ஒருத்தி பின்னால இருக்கா. ஒரு வரி எழுதணும்னுகூட ஒருத்தருக்கும் தோணலையா?" என்றார். கண் கலங்கியது. நாங்கள் இரண்டு பேரும் பல்லை உள்ளே வைத்துக்கொண்டோம். கொஞ்சம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, அந்தப் பச்சைச் சேலைய இஸ்திரி போட்டுத் தாங்க" என்றார். சகலை இஸ்திரிப் பெட்டியைத் தேடிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதினி ஆட்டோவில் வந்தார். பின்னாலேயே புல்லட்டில் சகலையும் நானும். சகலை வழக்கம்போல வாகை மரத்தடியில் நின்று வண்டிகளை வரிசைப்படுத்த ஆரம்பித்தார். ஸ்கூட்டியைக் குறுக்கே விட்ட ஒரு பெண்ணிடம், "ஏட்டி, ஆண்டவரு உள்ளதான் இருக்காரு, ஓடிர மாட்டாரு. நேரா விடு" என்றார்.

மதினி பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஆண்களின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். திருவிருந்துக்கு அழைத்ததும் முன்வரிசைகள் எழுந்து போயின. எங்கள் முறை வந்தபோது நானும் எழுந்தேன். நான் கடைசியாகத் திருவிருந்து எடுத்தது எப்போது என்று எனக்கே நினைவில்லை. சென்னையில் வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் கிறிஸ்துமஸ் கேக் சூடாக இருக்கும்போது கோயிலுக்குப் போகிறவன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஊர், முன்பின் தெரியாத சபை, முந்தின நாள் வேறொருவர் காலைப் பிடித்த கை. கையை நீட்டினால் கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

முன்னால் உட்காரும் தங்கராஜ் அண்ணாச்சி எப்போதோ போயிருக்க வேண்டும். ஆனால் பக்கவாட்டில் காத்து நின்றார். மதினி மெதுவாக நடந்து வந்து பெண்கள் வரிசையின் கடைசியில் முழங்கால் போட்டதும், அவர் வந்து ஆண்கள் வரிசையின் முதலில் முழங்கால் போட்டார். அவருக்கு அடுத்து நான். எனக்கு எதிரே மரக்கிராதி தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் எல்லாம் வெள்ளையும் சிவப்புமாகக் கலங்கியிருந்தது. மதினி ஒரு பச்சை நிறம், ஒரு மூச்சிரைப்பு.

வெள்ளை அங்கி வரிசையில் நகர்ந்து வந்தது. பச்சை நிறத்துக்கு முன்னால் நின்றது. ஐயர் வசனத்தைச் சொன்னார். "ஆமென்" என்று மதினியின் குரல் கேட்டது. அங்கி அடுத்ததாக அண்ணாச்சிக்கு முன்னால் வந்தது. அவர் கையை நீட்டவில்லை. ஐயர் காத்து நின்றார். மதினி வாயில் போட்டுக்கொண்டாரா என்று அண்ணாச்சி திரும்பிப் பார்த்ததை என்னாலேயே பார்க்க முடிந்தது. பிறகுதான் கையை நீட்டினார்.

திரும்பி வரும்போது முன்னால் இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டு, "இங்கன இரிங்க அக்கா" என்றார். மதினி அவர் தோளைத் தொட்டுவிட்டு நடந்து, கடைசி பெஞ்சுக்கே போய் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் கேட்டேன். "முன்னால உட்கார்ந்திருக்கலாமே மதினி. இனி யார் என்ன சொல்லப் போறாங்க?"

"அப்பம் கெடைக்கலைன்னுதான் மொதல்ல இங்கன வந்தேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்புறம் பழகிட்டு. இங்கன இருந்தாத்தான் தம்பி, அந்தக் கதவு வழியா மரத்தடியில அவுக தெரிவாக."

பெஞ்சின் ஓரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு மரம் ஒரு பச்சை, வண்டிகள் ஒரு கறுப்பு. நடுவில் உயரமாக, வெள்ளையாக ஏதோ ஒன்று கையைக் காட்டி எல்லோரையும் வழியனுப்பிக்கொண்டிருந்தது.